சேர்வராயன் மலை, கொல்லிமலைத் தனியார் தோட்டக்காடுகளும் பொதுமக்களின் உலாவும்

சேர்வராயன் மலை சேலத்துக்கு வடக்கிலும் கொல்லிமலை நாமக்கல்லுக்கு வடகிழக்கிலும் அமைந்துள்ளன. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். நீண்டகாலம் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தவை. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானபோது கொல்லிமலை அதனுடன் சென்றது. இரண்டின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. செங்குத்தான சரிவுகளில் அரசின் காப்புக்காடுகள் உள்ளன. சரிவேறி மேலே சென்றால் வரும் மேட்டுநிலத்தில் ஊர்களும் வயல்களும் தனியார் தோட்டங்களும் உள்ளன. ஏற்காட்டைச் சுற்றி அவை பெரும்பாலும் காப்பி எஸ்டேட்டுகள். கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினரின் சிறு பட்டா நிலங்களே மிகுதி.

காப்பிக்கு நிழல் தரவும், மிளகுக்கொடி ஏறவும், வளர்ந்தபின் வெட்டி விற்கவும் நடப்பட்ட மரங்கள் இந்த நிலங்களுக்குக் காட்டின் தோற்றத்தைத் தருகின்றன. கோடையில் குளிர்ச்சி தேடி மலையேறுபவர் மேட்டுநிலத்தில் காணும் பசுமையில் பெரும்பங்கு இந்தத் தனியார் மரங்களுடையது. அதைக் காண்பதற்கும் அதனூடே நடப்பதற்கும் அவருக்குச் சட்டம் எந்த உரிமையும் வழங்கவில்லை. உரிமையாளர் தடுக்காத வரை அது அவருக்குக் கிடைத்து வருகிறது. மரங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் வந்த இம்மலைகளில், நடப்பவரைப் பற்றி எந்தச் சட்டமும் பேசாமல் போனதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

காடு என்னும் சொல்

சேலம், நாமக்கல் வட்டாரப் பேச்சில் "காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றால் அவர் வனத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருளல்ல. தம் வயலுக்குப் போயிருக்கிறார் என்றே பொருள். மழையை நம்பிய புன்செய் நிலம் கொங்குப் பகுதியில் காடு எனப்படுகிறது. சோளக்காடு, மேட்டுக்காடு என்ற வழக்குகள் இதனால் வந்தவை. உழைத்துப் பயன் எடுக்கும் நிலம், தானாக வளர்ந்த வனம் என்ற இரண்டுக்கும் இடையே அரசின் ஆவணங்கள் போட்ட கோடு இந்த மக்களின் பேச்சில் அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. ஏற்காடு என்ற ஊர்ப்பெயரை ஏரியும் காடும் சேர்ந்தது என்று விளக்குவது வழக்கம்.

மலையாளிகள் எனப்படுவோர் கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறியதாக அது கூறுகிறது. சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களை அவர்கள் பயிரிட்டனர். தெய்வத்துக்கு விடப்பட்ட கோயில்காடுகளையும் பேணினர். கொல்லிமலையில் இத்தகைய தோப்புகள் இன்றும் உள்ளன. ஒருவர் நிலத்தின் வழியே மற்றொருவர் நடந்து கோயிலுக்கும் சந்தைக்கும் போவது அங்கே அனுமதி கேட்கும் செயலாக இருந்ததில்லை.

கோக்பர்ன் காலமும் காப்பியும்

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம். டி. கோக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். ஏற்காட்டை 1842 ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ கண்டறிந்தார் என்ற செய்தி சுற்றுலாக் கையேடுகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. மன்றோ 1827 ஜூலையில் காலராவால் இறந்துவிட்டார் என்பதால் இது பொருந்தாது. மலையாளிகள் தலைமுறைகளாக வாழ்ந்த மலையைக் "கண்டறிந்ததாக" எழுதுவதே ஒரு விந்தை என்பது வேறு.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் தென்னிந்திய மலைகளில் காப்பிக்காகக் காட்டை அழித்தனர். பல இடங்களில் நிழலே இல்லாமல் திறந்தவெளியில் செடிகளை நட்டனர். 1860களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு இத்தோட்டங்களைப் பெரிய அளவில் தாக்கியது. வெயில் நேரடியாக விழும் செடித் தண்டுகளில்தான் இவ்வண்டு விரும்பி முட்டையிடும். அரசின் சார்பில் இதை ஆராய்ந்த மருத்துவர் ஜார்ஜ் பைடி 1869 இல் வெளியான தம் அறிக்கையில் நிழல் மரங்களின் தேவையை வலியுறுத்தினார். அதே 1869 ஆம் ஆண்டில் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் காப்பித் தொழில் அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தென்னிந்தியாவில் காப்பி பிழைத்தது. நிழலின் கீழ் பிழைத்தது.

இன்று காப்பித் தோட்டம் காடு போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அழகுக்காகவோ இயற்கைப் பற்றினாலோ அங்கே மரங்கள் நிற்கவில்லை. ஒரு வண்டுக்கு அஞ்சியும் மண்ணின் ஈரத்தைக் காக்கவும் நிற்கின்றன. பலா, அத்தி, ஈட்டி போன்ற பழைய மரங்கள் சிலவற்றை விட்டுவைத்து, இடைவெளியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தைத் தோட்டக்காரர்கள் நட்டனர். சில்வர் ஓக் விரைவாகவும் நேராகவும் வளரும். கிளைகளைக் கவாத்து செய்தால் நிழலின் அளவைக் கட்டுப்படுத்தலாம். தண்டில் மிளகைப் படரவிடலாம். பருத்தபின் ஒட்டுப்பலகைக்கும் பெட்டி செய்யவும் விற்கலாம். காப்பி விலை சரியும் ஆண்டில் தோட்டக்காரருக்கு இது சேமிப்புக் கணக்கு போன்றது.

ஏழைகளின் ஊட்டி

1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்தபின் ஏற்காட்டை அடைவது எளிதாயிற்று. ஓய்வு பெற்ற அதிகாரிகளும் சமயப் பணியாளர்களும் அங்கே குடியேறினர். 1863 இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1917 இல் மான்ட்போர்ட் பள்ளி தொடங்கப்பட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இயலாதவர்கள் பேருந்தில் ஏறி ஒரே நாளில் போய்த் திரும்பும் இடமாக ஏற்காடு மாறியபோது "ஏழைகளின் ஊட்டி" என்ற பெயர் வந்தது.

இப்படி வந்தவர்களுக்குப் பொதுவில் உரிய இடம் எவ்வளவு என்று பார்த்தால் அது சிறியது. ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் போன்ற காட்சி முனைகள், 1963 இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம், மலையுச்சியில் சேர்வராயன் கோயில், இவற்றை இணைக்கும் சாலைகள் என்ற அளவில் அது முடிகிறது. இவற்றுக்கு இடையே கிடப்பவை எஸ்டேட்டுகள். மே மாதத்தில் அரசு நடத்தும் கோடை விழாவின் மலர்க் கண்காட்சி பூங்காவில் நடக்கிறது. ஆனால் ஏற்காட்டின் நினைவாகப் பயணிகள் எடுத்துச் செல்லும் படங்களில் பல, வழியில் வண்டியை நிறுத்திச் சில்வர் ஓக் வரிசைக்கு முன்னே நின்று எடுத்தவை.

உச்சவரம்புக்கு வெளியே

சமவெளியில் பெருநிலங்கள் பிரிந்தபோது மலையில் பெருந்தோட்டங்கள் பிரியாமல் நின்றதற்குச் சட்டக் காரணம் உண்டு. 1961 ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தரப்படுத்தப்பட்ட ஏக்கர் என்ற வரம்பை விதித்தது. 1970 இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. காப்பி, தேயிலை, ரப்பர், ஏலம், சின்கோனா பயிரிடும் தோட்டங்களுக்கு அச்சட்டம் விலக்கு அளித்தது. தோட்டத்தைத் துண்டாக்கினால் உற்பத்தி குலையும், தொழிலாளர் வேலை இழப்பர் என்பது விலக்குக்குச் சொல்லப்பட்ட நியாயம். அதன் பக்கவிளைவாக, பெரும் பரப்பில் தொடர்ச்சியாக நிற்கும் மரக்கூட்டம் தனியார் கையில் நிலைத்தது. கேரளம் வேறு வழியில் சென்றது. அங்கே 1971 ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் காடுகளை அரசுடைமையாக்கியது. தோட்டப்பயிர் நிலங்கள் மட்டும் விடப்பட்டன.

விலக்கின் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சமூகம் தன் பொதுவிதியைத் தளர்த்திச் சிலரிடம் பெருநிலத்தை விட்டுவைத்தபோது, அதற்கு ஈடாக மக்கள் நடப்பதற்கு ஒரு பாதையையாவது கேட்டிருக்கலாம். அப்படி ஒரு நிபந்தனை அன்று எவர் மனத்திலும் எழுந்ததாகத் தெரியவில்லை. நிலம் அன்றைய அரசியலில் உணவுக்கும் வேலைக்கும் உரிய பொருளாக இருந்தது. உலா வசதியுள்ளோர் விவகாரம் என்று கருதப்பட்டது.

மரங்களை எண்ணிய சட்டங்கள்

1882 ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின்படி சேலம் மாவட்ட மலைச்சரிவுகள் அளந்து காப்புக்காடுகளாக்கப்பட்டன. தனியார் நிலத்தில் நின்ற மரங்களின்மேல் அரசின் கவனம் ஜமீன் ஒழிப்பின்போதுதான் தீவிரமாகத் திரும்பியது. ஜமீன்கள் பறிபோகும் என்று தெரிந்ததும் பல ஜமீன்தார்கள் தம் காடுகளை அவசரமாக வெட்டி விற்கத் தொடங்கினர். இதைத் தடுக்க 1949 ஆம் ஆண்டு சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கலெக்டரின் அனுமதியின்றி தனியார் காட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ அதில் மரம் வெட்டவோ கூடாது என்றது அது.

இச்சட்டத்தின் முகப்புரையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு நோக்கம் உள்ளது. காடுகள் கண்மூடித்தனமாக அழிக்கப்படுவதைத் தடுப்பதுடன், அவற்றில் வழக்கத்தாலும் நீண்டகால அனுபவத்தாலும் மக்களுக்கு ஏற்பட்ட உரிமைகளில் குறுக்கிடுவதைத் தடுப்பதும் அச்சட்டத்தின் நோக்கம். விறகு, தழை, மேய்ச்சல், வழி ஆகியவை கிராமத்தாரின் இத்தகைய உரிமைகள். பொதுமக்கள் தனியார் காட்டில் கால் வைப்பதைத் தமிழ்நாட்டுச் சட்டம் கருதிப் பார்த்த அரிய இடம் இது. ஆனால் அது கருதியது பக்கத்து ஊர்க்காரரை. பேருந்தில் வருபவரை அல்ல.

1955 ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தையும் குழுவின் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்றது. தோதகத்தி எனப்படும் ஈட்டி மரத்துக்கும் சந்தனத்துக்கும் தனித்தனி விதிகள் வந்தன. 1996 டிசம்பர் 12 அன்று கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை இவற்றுக்கெல்லாம் மேலாக அமைந்தது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், உரிமையாளர் யாராக இருந்தாலும் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று அது தீர்த்தது. தமிழ்நாட்டுக்கென அந்த ஆணையில் தனிப் பகுதி இருந்தது. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களின் நிழல் மரங்களில் நடப்பட்டவற்றை மட்டும், அரசுக் குழுவின் மேற்பார்வையில், குறிப்பிட்ட இனங்களில் வெட்டலாம். தானாக முளைத்தவற்றைத் தொடக்கூடாது. சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் சேர்ந்த பழங்குடியினர், காடல்லாத தம் பட்டா நிலத்தில் வளர்த்த மரங்களைத் திட்டப்படி வெட்டலாம் என்றும் அது கூறியது.

நட்ட மரம், முளைத்த மரம் என்ற இந்தப் பிரிவினை தோட்டக்காரருக்கு ஒரு பாடம் கற்பித்தது. பறவை எச்சத்தில் விழுந்து வளர்ந்த நாட்டு மரம் அவருக்கு வெட்ட முடியாத சுமை. நட்ட சில்வர் ஓக் அவருக்குப் பணம். நாட்டு மரங்களைக் காக்க எண்ணிய விதி, புதிய நாட்டுக் கன்றுகளை வளரவிடாமல் முளையிலேயே கிள்ளும் ஆசையையும் தூண்டக்கூடியது.

வழக்கத்தால் வரும் உரிமை

1882 ஆம் ஆண்டு, வனச் சட்டம் வந்த அதே ஆண்டில், இந்திய வசதியுரிமைச் சட்டமும் வந்தது. முதலில் அது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கே பொருந்தியது. பிறர் நிலத்தின் வழியே தடையின்றி, அமைதியாக, உரிமையாகக் கருதி 20 ஆண்டுகள் நடந்து வந்தால் அவ்வழி உரிமையாக நிலைபெறும் என்கிறது அதன் 15 ஆம் பிரிவு. ஆனால் வசதியுரிமை என்பது ஒரு நிலத்தின் உரிமையாளர் தம் நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின்மேல் பெறுவது. மலையாளி விவசாயி தம் வயலுக்குச் செல்ல எஸ்டேட்டின் நடுவே பாதை கேட்கலாம். சேலத்திலிருந்து காற்று வாங்க வந்தவர் இருபது ஆண்டுகள் அதே பாதையில் நடந்திருந்தாலும் அவருக்கு அங்கே நிலம் இல்லை. ஆகவே வசதியுரிமையும் இல்லை. கோயிலுக்குச் செல்லும் வழி, திருவிழாக் கூட்டம் கூடும் இடம் போன்றவை ஊர் வழக்கத்தின் பலத்தில் நிற்கின்றன. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவுக்கு மலையாளிகள் வரும்போது எவரும் சீட்டு கேட்பதில்லை.

கொல்லிமலை

கொல்லிமலையின் கதை வேறு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை என்று சங்கப் பாடல்கள் பாடும் இதற்கு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலை செல்கிறது. அறப்பளீசுவரர் கோயில், அதன் அருகே ஆகாய கங்கை அருவி, எட்டுக்கை அம்மன் கோயில் ஆகியவற்றுக்கு மக்கள் வருகின்றனர். ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது.

இங்கே மரம் வளர்ப்பவர்களில் பலர் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிக் குடும்பத்தினர். சிறுதானிய வயல்களில் பெரும்பகுதி, சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளிக்கு மாறியது. மறுபுறம் காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் பரவின. ஆள் தேவை குறைவு, அன்றாடக் கவனிப்பு வேண்டாம், மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ நான்கு மரம் வெட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. வளைவேறி வருபவர் சாலையோரம் காணும் "அடர்ந்த காடு" பல இடங்களில் இத்தகைய குடும்பங்களின் சேமிப்பு.

இந்த நிலம் யார் கையில் நிலைக்கும் என்பதே கொல்லிமலையின் பெரிய கேள்வி. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆந்திரத்தில் 1970 ஆம் ஆண்டின் முதல் ஒழுங்குமுறை விதி அட்டவணைப் பகுதி நிலம் பழங்குடியினர் அல்லாதவருக்குச் செல்வதைத் தடுத்தது. அதற்கு நிகரான தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சாலை நல்லதாகி, பயணிகள் பெருகி, தங்கும் விடுதிகளுக்கு இடம் தேடப்படும்போது மரத்தின் விலையைவிட மனையின் விலை உயர்கிறது. அருவியும் பனியும் பிறருக்கு இன்பம் தரும் அளவுக்கு, அங்கே வாழ்பவரின் நிலத்தின்மேல் அழுத்தம் கூடுகிறது.

விலை சரிந்த காலம்

1989 இல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. இந்தியாவில் 1942 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்பி வாரியம் முழு விளைச்சலையும் தொகுத்து விற்ற முறை 1990களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி விலை மிகவும் தாழ்ந்தது. அப்போது தோட்டக்காரர் முன் மூன்று வழிகள் இருந்தன: மரத்தை வெட்டுவது, நிலத்தை மனையாகப் பிரித்து விற்பது, பழைய பங்களாவில் விருந்தினரை ஏற்பது. மூன்றாவது வழி பெருகியதால் எஸ்டேட் உலா என்பது முதன்முறையாக விலைப்பொருளானது. இதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. நிற்கும் மரத்திலிருந்து வருமானம் வந்தால் வெட்டும் அவசரம் குறையும். ஆனால் இரவுக்கு வாடகை தருபவருக்குத் திறக்கும் கதவு, காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்பும் குடும்பத்துக்குத் திறப்பதில்லை. உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு: உடைந்த மதுப்புட்டி காப்பி பறிப்பவர் காலைக் கிழிக்கும், அணைக்காத பீடி ஒன்று கோடையில் தோட்டத்தையே எரிக்கும்.

பிற நாடுகளில்

ஸ்வீடனில் எவரும் தனியார் காட்டில் நடக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம் என்ற பழவழக்கு 1994 இல் அரசமைப்பிலும் இடம்பெற்றது. ஸ்காட்லாந்து 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொறுப்புடன் நடப்போருக்குத் தனியார் காடுகளையும் திறந்தது. இங்கிலாந்து தயங்கியது: 1932 இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தொழிலாளர்கள் கூட்டாக அத்துமீறி நடந்து சிறை சென்ற போராட்டத்துக்குப் பின்னும் 2000 வரை பொதுச்சட்டம் வரவில்லை, வந்த சட்டமும் மேட்டு வெளிகளையே திறந்தது, காடுகளைப் பொதுவாகச் சேர்க்கவில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் கட்டாயப்படுத்தாமல் விலை கொடுக்கிறது. தம் காட்டைக் கட்டணமின்றி ஆண்டு முழுவதும் நடப்பவர்களுக்குத் திறந்து வைப்பவருக்கு நில மதிப்பீட்டில் 20 விழுக்காடு கழிவு உண்டு. சேர்வராயன் மலைக்கு ஸ்வீடனைவிட இந்த முறை நெருக்கமானது. நாள்தோறும் ஆட்கள் வேலை செய்யும் காப்பித் தோட்டத்தை யாரும் எங்கும் நுழையும்படி திறக்க இயலாது. குறித்த பாதை, குறித்த பருவம், ஈடாக ஒரு சலுகை என்பது சாத்தியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான காப்பிப் பறிப்புக் காலமும் ஏப்ரல், மே மாதச் சுற்றுலாக் காலமும் பெரும்பாலும் மோதுவதில்லை என்பது இதற்கு உதவக்கூடிய ஒரு செய்தி.

குரங்கணிக்குப் பின்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டில் தீ பரவி 20க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்தனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் வந்த அவர்கள், தனியார் தேயிலைத் தோட்டம் உள்ள கொழுக்குமலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தனர். தனியார் தோட்டத்துக்கும் அரசுக் காட்டுக்கும் நடுவே இருக்கும் கோடு நடப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத் தாண்டும்போது பொறுப்பு யாரிடமிருந்து யாரிடம் செல்கிறது என்பதும் தெரிவதில்லை. அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கான விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டியுடனும் இணையவழிப் பதிவுடனும் திறந்தது. இவை வனத்துறையின் ஏற்பாடுகள். மேட்டுநிலத்தின் தனியார் தோட்டப் பாதைகளுக்கு இத்தகைய பொது ஏற்பாடு உருவாகவில்லை. அங்கே நடப்பவருக்கு விதி என்பது எஸ்டேட் வாசலில் தொங்கும் பலகையும், காவல்காரரின் அன்றைய மனநிலையுமே.